ஆற்று மணலும் வீட்டுக் குழாயும்

கேள்வி: வற்றாத தாமிரபரணி ஓடும் நெல்லையில், வெள்ளம் வந்தால் குடிநீர் நின்றுவிடுகிறதே, ஏன்? ஆறு அருகிலேயே இருக்க, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது எதற்காக?
— வாசகி ஒருவர், மேலப்பாளையம்

பதில்: நம் மாநகர் நெடுங்காலமாக நம்பியிருப்பது ஆற்று நீரை மட்டுமன்று, ஆற்று மணலையும்தான். கொண்டாநகரம், குறுக்குத்துறை போன்ற இடங்களில் படுகையில் உறைகிணறு இறக்கி, மணலுக்கடியில் ஊறும் நீரையே மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றுகிறார்கள். பல அடி மணலைக் கடந்து வருவதற்குள் கலங்கலும் கிருமிகளில் பெரும்பங்கும் மணலிலேயே தங்கிவிடுகின்றன. மணலை அள்ளிவிட்டாலோ படுகை தாழ்ந்து, உறைகள் தூண்களைப் போல வெளியே நிற்கும். கோடையில் ஊற்றும் குறையும். ஆகவேதான், இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ள விதித்த தடையை, எந்தப் புதிய குழாய்த் திட்டத்துக்கும் குறையாத குடிநீர்ப் பணியாகவே கருதுகிறேன்.

வெள்ளம் ஏறினால் நிலைமை வேறு. கிணறு ஆற்றுக்குள்ளும் மோட்டார் அதை ஒட்டியும் இருப்பதால் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். நீர் வடிந்த பிறகும் வண்டல் படிந்து ஊற்றுக்கண் அடைபட்டிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீரேற்று நிலையங்கள் மூழ்கியபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கும்.

முன்னோர் ஏற்பாடு வேறு விதமானது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் நீங்கலாக ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்பும்போது, சுற்றுவட்டாரக் கிணறுகளும் சேர்ந்து ஊறின.

1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சியாயின. ஊர் பெருகப் பெருகத் தேவையும் பெருகியது, ஆற்றில் கலக்கும் சாக்கடையும் பெருகியது. அந்தக் கலப்புக்கு வெகு மேலே, அணைக்கட்டில் நீர் தேங்கும் இடத்திலிருந்து எடுப்பதுதான் அரியநாயகிபுரம் திட்டத்தின் நியாயம். தேவையான திட்டமே, ஆனால் நமக்குக் கீழே ஸ்ரீவைகுண்டமும் தூத்துக்குடியும் இதே ஆற்றைத்தான் குடிக்கின்றன. பாதாளச் சாக்கடை இணைப்பு முழுமையடைந்து, கழிவுநீர் ஆற்றுக்குள் போவது நிற்காத வரை, இந்த நவீனமயத்தைப் பாதி வேலை என்றே சொல்வேன்.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வீசுகிறது. கெடுதலா?
— வாசகர் ஒருவர், பேட்டை

பதில்: இலேசான வாடை நல்லதே, வழியில் கிருமி சேர்ந்தாலும் அதை அழிக்கும் அளவு மருந்து மிஞ்சியிருப்பதை அது காட்டுகிறது. குடத்தில் சற்று நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும். மூக்கை உறுத்தும் அளவுக்கு இருந்தால் வார்டு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.