வட சென்னையில் முதல் முதலீடாகப் பழைய பிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: கையில் 15 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் 45 லட்சத்துக்குப் பழைய பிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

விலை பேசுவதற்கு முன் மனை யாருடையது என்று கேளுங்கள். வட சென்னையில் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. இந்தப் பக்கம் அடிமனை வீடுகள் நிறைய உண்டு. கட்டடம் மட்டும் விற்பவருடையது. நிலம் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ வேறொருவருக்கோ சொந்தம், அதற்குத் தரை வாடகை போய்க்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்து விலையைவிடப் பல லட்சம் குறைத்துச் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரசு வீட்டு வாரியங்கள் ஒதுக்கிய குடியிருப்பும் அப்படித்தான்: ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாற்றுவார்கள். வாரியம் விற்பனைப் பத்திரம் போட்டுத் தராதவரை ஒதுக்கீடு பெற்றவருக்கு விற்க உரிமையே இல்லை.

மனை சொந்தம் என்று தெரிந்தால் 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். வில்லங்கத்தில் பதிவானவை மட்டுமே தெரியும். பதிவாகாத உயில், நீதிமன்ற வழக்கு, பங்காளித் தகராறு அதில் வராது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவார், விற்பவருக்கு உரிமை உண்டென்று உத்தரவாதம் தரமாட்டார். தாத்தா காலத்து இடம் என்றால் வாரிசு சான்றில் இருக்கும் எல்லாப் பெயரையும் பத்திரங்களோடு ஒப்பிடுங்கள். அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா தங்கைகளை விட்டிருப்பதுதான் அடிக்கடி மாட்டுகிற இடம்.

பிளாட்டில் யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, முக்கியம். கட்டடத்துக்கு வயது ஏற ஏற உங்கள் பணம் நிற்பது அந்த மண்ணில்தான். எல்லா வீட்டின் யூ.டி.எஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனை அளவைத் தாண்டக் கூடாது. அப்ரூவல் பிளானில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்றால் மேல்மாடி வீட்டைத் தொடாதீர்கள்.

இப்போது கணக்கு. 45 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.05 லட்சம். வங்கி 80 சதவீதம், அதாவது 36 லட்சம் தரும். பத்திரச் செலவுக்குத் தராது. உங்கள் பங்கு 9 லட்சம், பத்திரம் 4.05, புரோக்கர் 1 சதவீதம் என்றால் 0.45, பெயின்ட், பைப் வேலைக்கு ஒரு லட்சம். 14.5 லட்சம் போய்விட்டது. வங்கியின் மதிப்பீட்டாளர் அதே வீட்டுக்கு 40 லட்சம்தான் போட்டால் லோன் 32 ஆகிவிடும். 4 லட்சம் துண்டு விழும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்தால் அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாடு. ஆகவே ஒப்பந்தத்திலேயே, வக்கீல் கருத்தோ வங்கி மதிப்பீடோ ஒத்துவராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

வாடகை 14,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, தண்ணீர் வரி, ரிப்பேர் எல்லாம் போக 1.3 லட்சம் நிற்கும். போட்ட ஐம்பதரை லட்சத்துக்கு இது இரண்டரை சதவீதம்தான். 36 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை மாதம் 31,000 ரூபாய்க்கு மேல். மாதாமாதம் 20,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அதைத் தாங்க முடியாவிட்டால் இந்த வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம். லீசுக்கு விட்டு மொத்தமாகப் பணம் வாங்கிக் கடனைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அந்தப் பணத்தைக் குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் அப்படியே திருப்ப வேண்டும், அதுவும் கடன்தான்.

மெட்ரோவை நம்பி விலை ஏறும் என்றும் வாங்காதீர்கள். விம்கோ நகர் வரை ரயில் 2021 பிப்ரவரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்து விலையில் அது எப்போதோ சேர்ந்துவிட்டது.

வீட்டைப் பகலில் ஒரு தடவை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு தடவை பாருங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, சிமென்ட்டைப் பெயர்த்துத் தள்ளும். பால்கனியின் அடிப்பக்கம், பாத்ரூம் கூரை, பார்க்கிங் தூண்கள் மூன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற சத்தம் வந்தால் உள்ளே பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதுப் பெயின்ட் அடித்த தூணைக் கூடுதலாகக் கவனியுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, சம்பு எவ்வளவு பெரியது என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்து லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் குடியிருப்பவர் நிலைக்கமாட்டார். காம்பவுண்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய தடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.