வாசகர் கேள்வி பதில்: டேப் முடிஞ்ச எடத்துல அறுந்த பாட்டு

கேள்வி (கொட்டகலை வாசகி): அண்ணே, இளையராஜான்னா எனக்கு உயிரு. மௌன ராகம், புன்னகை மன்னன் எல்லாம் மனப்பாடம். பெரிய படங்களால மறைஞ்சுபோன அவரோட ஆல்பம் ஒன்னு சொல்லுங்களேன்?

பதில்: நீங்க சொன்ன ரெண்டு படமுமே 1986 தங்கச்சி. அதே வருஷம்தான் ஹௌ டு நேம் இட்டுங்குற ஆல்பமும் வந்திச்சு. படம் கெடயாது, பாட்டு வரி கெடயாது, முழுக்க வாத்தியம்தான். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசை மேதை பாக்குங்குறவருக்கும் காணிக்கையா செஞ்சது, வயலின் வி.எஸ். நரசிம்மன். அந்த ரெண்டு படத்துப் பாட்டும் தோட்டத்து வரிசை வீடுகள்ல லயத்துக்கு லயம் ஓடிக்கிட்டு இருந்தப்ப இது யாரு காதுலயும் விழல. ஏன்னு எனக்கு நல்லாவே தெரியும், நாங்கெல்லாம் ஒரிஜினல் கேசட் எங்க வாங்குனோம்? சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டனுக்கு எறங்கி ரெக்கோடிங் கடையில அறுபது நிமிஷ டேப் ஒன்னு வாங்கி, கொப்பித்தாள்ல லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு வருவோம், ரெண்டு நாள்ல கடைக்காரர் பாட்டப் பதிஞ்சு வெச்சிருப்பாரு. ரேடியோவுல கேட்ட பாட்டத்தான எழுதுவோம், கேக்காததோட பேரு எப்படி லிஸ்ட்டுல வரும்?

ஒரு தடவ பி சைட்ல கொஞ்சம் எடம் மிஞ்சிப்போச்சு. கடைக்கார அண்ணன் தனக்குப் புடிச்சதுன்னு ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ அதுல போட்டுவிட்டிருந்தாரு. பாக்கோட வயலின் மழத்தண்ணி கான்ல ஓடுற மாதிரி கடகடன்னு ஓடும், அதுக்குள்ள நம்ம வயலின் வளைஞ்சு நெளிஞ்சு வந்து ஒக்காரும், ஆஹான்னு நிமிந்து ஒக்காந்தா டக்குனு டேப் முடிஞ்சிரும். ரொம்ப வருஷத்துக்கு எனக்கு அந்த அறுந்த எடம் வரைக்கும்தான் தெரியும். இன்னொரு உருப்படிக்கு பேரு என்னா தெரியுமா, அன்ட் வீ ஹேட் எ டாக். பாக் வீட்டுக்கு வந்தாரு, ஒக்காந்து பேசுனோம்னு அர்த்தம். அந்தப் பேச்ச நான் கேக்கவே இல்ல பாருங்க. பின்னாடி முழுசா, வரிசை மாத்தாம கேட்ட அன்னிக்கு கண்ணு கலங்கிருச்சு. அதனால கெஞ்சிக் கேக்குறேன், போன்ல கேட்டாலும் ஒன்னு ரெண்டப் பொறுக்காதீங்க, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட விடுங்க. அது பழகுனதும் 1988ல வந்த நத்திங் பட் விண்ட் கேளுங்க, ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழல்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): வரியே இல்லாத மியூசிக் கேட்டா எனக்கு மனசு ஒட்ட மாட்டேங்குதே?

பதில்: அப்ப வீடு படத்துல இருந்து ஆரம்பிங்க. 1988ல பாலு மகேந்திரா எடுத்தது, நம்ம மட்டக்களப்பு அமிர்தகழியில பொறந்த மனுசன். அந்தப் படத்துக்கு ஹௌ டு நேம் இட்ல இருந்துதான் இசைய எடுத்துப் போட்டிருக்காரு. கட்டி முடியாத வீட்ட பாக்க கதாநாயகியோட தாத்தா வெயில்ல தனியா வருவாரு, சுவரத் தடவிப் பாப்பாரு. லயத்துக் காம்பராவுல பொறந்து வளந்து, சொந்தமா ஒரு துண்டு காணி எப்ப கெடைக்கும்னு காத்துக் கெடக்குற நமக்கு அந்தக் கை எதத் தடவுதுன்னு யாரும் வெளக்க வேண்டியதில்ல. படத்த பாத்துட்டு ஆல்பத்துக்கு வாங்க, மனசு தானா ஒட்டும்.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): ரஹ்மான்ல அப்படி ஒன்னு?

பதில்: இருவர். 1997 பொங்கலுக்கு மின்சார கனவும் இதுவும் ஒன்னாத்தான் வந்திச்சு. அதுக்கு நாலு தேசிய விருது, அதுல ரஹ்மானுக்கும் ஒன்னு, ஊரெல்லாம் அந்தப் பாட்டுதான். இருவர் படம் ஓடல, நறுமுகையே மட்டும் தப்பிச்சு இன்னிக்கு வரைக்கும் கல்யாண வீடியோவுல ஓடுது. அந்தப் பாட்டுலயே குறுந்தொகையோட "யாயும் ஞாயும்" இருக்கு, பாரி மகளிரோட அற்றைத் திங்களும் இருக்கு, வைரமுத்து அவ்வளவு அழகா உள்ள கோத்திருக்காரு. ஆனா ஆஷா போஸ்லே பாடுன வெண்ணிலா வெண்ணிலா எத்தன பேருக்குத் தெரியும்? பழைய காலத்து சினிமாப் பாட்டு மாதிரியே ஒன்னு, ஜாஸ்ல ஒன்னுன்னு கதையோட காலத்துக்கு ஏத்த மாதிரி மெட்டும் மாறும். அரவிந்த்சாமி கொரல்ல "உன்னோடு நான் இருந்த"ன்னு கவிதை வாசிப்பு வரும், அத பாட்டே இல்லன்னு ரெக்கோடிங் கடையில விட்டுருவாங்க. என்னயக் கேட்டா மொத்த ஆல்பத்துக்கும் உசிரு அங்கதான் இருக்கு. மின்சார கனவு நல்ல ஆல்பம், இல்லங்கல. இருவர் அதவிட பெருசு.

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): இங்கிலீஷ் ராப் பாடுற நம்ம ஈழத்துப் பொண்ணு மாயா, அதான் எம்.ஐ.ஏ. பாட்டு கேப்பீங்களா?

பதில்: கேப்பேன் தம்பி. பேப்பர் ப்ளேன்ஸ் பாட்டு இருக்குற கலா ஆல்பம் 2007ல வந்திச்சு, அது அவங்க அம்மா பேரு. அதுக்கு முந்தியே 2005ல அப்பா பேர்ல அருளர். அத மொதல்ல கேளுங்க.

கேள்வி (ஹப்புத்தளை வாசகர்): மார்கழி திருவெம்பாவைக்கு எங்க தோட்டத்து கோயில்ல ஸ்பீக்கர்ல போட, புதுசா ஏதும்?

பதில்: 2005ல வந்த இளையராஜாவோட திருவாசகம் போடுங்க, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. இத்தன வருஷமாகியும் நம்ம கோயில்கள்ல இன்னும் புதுசுதான். விடியக் காலம் பனி மூடிக் கெடக்கையில, வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்குப் போறவங்க போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு எறங்கையில அதுல வர்ற பூவார் சென்னி மன்னன் மேல இருந்து கேக்கணும். நடுவுல இங்கிலீஷ் வரியும் வரும், பெரியவங்க என்னா இதுன்னு கேட்டா மாணிக்கவாசகர் சொன்னதுதான் அதுவும்னு சொல்லுங்க. ஒன்னே ஒன்னு, பொல்லா வினையேன் மட்டும் 20 நிமிஷம் கிட்ட ஓடும், பூசைக்கு அரைமணி முந்தியே போட்டுருங்க, மணியடிக்கிற நேரத்துல பாதியில நிப்பாட்டிராதீங்க.