யாழினிக்கு இனிஷியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. கேட்டை நட்சத்திரம் என்பதால் நோ, யா, யி, யூ என்று எழுத்துகள் கொடுத்திருக்கிறார்கள். யாழினி, யாமினி இரண்டில் எது என்று முடிவாகவில்லை. கணவருக்கு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும். எண்கணிதம் பார்ப்பவர் ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்கிறார். 21 நாளுக்குள் பெயர் கொடுத்தாக வேண்டுமாமே, எதை வைக்கலாம்?

ர.

அன்புள்ள ர,

குழந்தைக்கு என் முத்தம். 21 நாள் பயத்தை முதலில் விடுங்கள். அது பிறப்பைத் தெரிவிப்பதற்கான கெடு. மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஏறிய பெயரை மனம் மாறியதற்காக மாற்றுவது எளிதல்ல. அங்கே திருத்தம் என்பது பிழைக்குத்தான். அதனால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

நட்சத்திர எழுத்து இரண்டு பெயரிலும் இருக்கிறது, வீட்டில் ஒரு சண்டை குறைந்தது. யாருக்கும் இல்லாத பெயரைத் தேடுகிற கணவரிடம், அதை ஒவ்வொருவருக்கும் மூன்று முறை சொல்லப்போவது அவர் அல்ல, மகள்தான் என்று சொல்லுங்கள். அந்தக் கூடுதல் ‘ஏ’ ஏதாவது ஒரு சான்றிதழில் விட்டுப்போனால் கணினிக்கு அவள் வேறு ஆள். எண்கணிதக்காரர் வந்து சரிசெய்து தரமாட்டார். யாழினியோ யாமினியோ, எதுவானாலும் அழகுதான். யாழினி என்றால் ழ-வுக்கு ‘இசட் எச்’சா, ‘எல்’லா என்று இன்றே முடிவு செய்யுங்கள். பாதிப் பேர் ‘யாசினி’ என்று படிப்பார்கள், படிக்கட்டும்.

இவ்வளவு கேட்டீர்கள், இனிஷியல் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான். கொஞ்ச நாளாகவே இதை எழுத நினைத்திருந்தேன். ஒரே பிள்ளை பிறப்புச் சான்றிதழில் ‘யாழினி’, ஆதாரில் ‘எஸ் யாழினி’, பள்ளியில் ‘யாழினி எஸ்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொன்று என்று நான்கு பேராக வளர்கிறது. பிறகு ‘இந்த நால்வரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாம் அதைப் பார்த்தே நடக்கும். அதில் எப்படி இருக்கிறதோ அதுவே அவள் பெயர்.

ஒரு தாளை எடுங்கள். பெயரை முழுதாகத் தமிழில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில். இனிஷியலைப் புள்ளி வைத்து எழுதாமல் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து, குழந்தையின் பெயருக்குப் பின்னால் போடுங்கள். அந்தப் பெற்றோரின் ஆதாரில் என்ன எழுத்துக்கூட்டலோ, அதே. தமிழ் இனிஷியல் தனியாக நின்றால் ஆங்கிலத்தில் ஆள் மாறும்: ‘க’ என்பது கண்ணனுக்கு ‘கே’, கணேசனுக்கு ‘ஜி’. ராமசாமியை ‘ரா’ என்பதா ‘இரா’ என்பதா என்று குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. விரித்து எழுதினால் இந்த வம்பு இல்லை.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கட்டம் இரண்டு: பெயர், குடும்பப் பெயர். இரண்டாவதைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வரும், தொல்லை அதன்பின். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப் என் யூ’, அதாவது ‘பெயர் தெரியாது’ என்று அச்சடிப்பார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருவோரை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை பேர் பயணத்தை நிறுத்தினார்கள்! விரித்த அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போடுங்கள். வெளிநாட்டில் அவளை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொன்று, பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு மொத்தம் 39 இடம்தான், நடுவில் விழும் குறிகளும் சேர்த்து. மூன்று தாத்தா பெயரைக் கோத்தால் வால் அறுந்துபோகும்.

அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காட்டி, மூதாதையரின் சாதிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து ஒட்டுகிற புத்திசாலிகள் இப்போது பெருகிவிட்டார்கள். ‘பாஸ்போர்ட் கேட்கிறதே’ என்பார்கள். பாஸ்போர்ட் சாதி கேட்கவில்லை, ஒரு பெயர் கேட்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் வெறும் பெயரும் இனிஷியலுமாக நாம் கூசாமல் நடமாடுவது அப்படி வந்ததுதான். அதை ஒரு விண்ணப்பக் கட்டத்துக்காகத் திருப்பிக் கொடுக்க என்ன அவசரம்? உங்கள் வீட்டிலும் யாராவது அதைச் சொல்வார்கள். அப்போது மரியாதையெல்லாம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள்.

பெயர் சேர்க்கப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள், ழ-வும் ள-வும் அங்கேதான் மாறும். அச்சிடுமுன் தட்டச்சானதைக் காட்டச் சொல்லி, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும்.