பின்கட்டு காலியாக இருக்கிறது என்று வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்களுக்குப் பெரிய வீடு, பின்கட்டு காலியாகக் கிடக்கிறது. இகுவானா என்கிற வெளிநாட்டுப் பல்லி, வெளிநாட்டு மலைப்பாம்பு, முடிந்தால் ஒரு விஷப்பாம்பும் வளர்க்க ஆசை. நான் கவனமாக இருந்தால் ஆபத்தில்லைதானே?

பதில்:

வேண்டாம். விஷப்பாம்பு கண்டிப்பாக வேண்டாம். மற்ற இரண்டுக்கும் என் பதில் அதேதான். என் அம்மாவின் கட்டைவிரலில் நான்கு தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே சொல்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் சாவி இருபது வருடத்துக்கு மேலாக அம்மாவிடம்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையில். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வளவை, அதாவது நடு முற்றத்தைப் பெருக்குவது, விளக்கு வைப்பது, மழைக்கு ஓடு ஒழுகுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அம்மாவின் வேலை. அந்த வீட்டுப் பையன் வேலைக்காகச் சிங்கப்பூர் போகும்போது, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டியை இறக்கி வைத்தான். உள்ளே பச்சை இகுவானா, முழங்கை நீளம் இருக்கும். "ரெண்டே மாசம்க்கா, கீரை போட்டாப் போதும்" என்றான். பதினொரு மாதம் இருந்தது.

அம்மா முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பூசணிக்காய் என்று ஒரு நாள் தவறாமல் போட்டார். தொட்டியின் கண்ணாடியில் வெள்ளையாகத் துளித்துளியாகப் படிந்திருக்கும். "சளி பிடிச்சிருக்குப்பா, தும்மிக்கிட்டே இருக்கு" என்று கவலைப்பட்டார். அது சளி இல்லை. இகுவானா உடலில் மிகுந்த உப்பை மூக்கு வழியாகத்தான் வெளியேற்றும். தேடிப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் கவலைப்பட வேண்டிய வேறொன்றை நாங்கள் கவனிக்காமலே விட்டுவிட்டோம்.

ஆறாவது மாதம் ஒரு காலையில் மூடியைத் திறந்து கீரை வைக்கும்போது கட்டைவிரலைக் கவ்விவிட்டது. இகுவானாவின் பற்கள் சின்ன ரம்பம் மாதிரி வரிசையாக இருக்கும். கையை உதறினால் சதை கிழியும். உதறாமல் இருக்க யாரால் முடியும்? வாலாலும் ஒரு அடி. முன்கையில் சாட்டையால் அடித்ததுபோல் ஒரு தடிப்பு, ஒரு வாரம் இருந்தது. பழகிய பிராணி இப்படிச் செய்யுமா என்று அம்மாவுக்கு ஆறவே இல்லை. நாய்க்குட்டி பழகுவதுபோல் அது பழகவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூடி திறந்தால் தீனி, மேலிருந்து நிழல் விழுந்தால் எதிரி.

பிறகு அதன் தாடை வீங்கியது. தொட்டால் ரப்பர்போல் வளைந்தது. முன்னங்கால் நடுங்கியது. கால்நடை மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார், தெரிந்தவரிடம் போனில் கேட்டும் சொன்னார். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் தின்ற கீரையின் சுண்ணாம்புச் சத்தை இந்த உடம்பு உறிஞ்சும், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். பத்தடி தள்ளி வளவில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பருந்து தூக்கிவிடும், தொட்டியை விட்டு எடுக்கவே வேண்டாம் என்று பையன் சொல்லியிருந்ததால் அம்மா வெளியே விடவில்லை. அப்புறம் தினமும் வெயிலில் வைத்துப் பார்த்தோம். மூன்று வாரத்தில் இறந்துவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். "நான் கவனமாக இருந்தால்" என்கிறீர்கள், சரி. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மூடியைத் திறக்கப் போவது யார்? நம் பக்கத்து வீடுகளில் பாதி வருடம் பூட்டுதான் தொங்குகிறது. ஆசைப்பட்டவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தீனி போடுபவர் இங்கே இருப்பார், அவரைக் கேட்டு யாரும் வாங்குவதில்லை. பால் பைத்தான் (ball python) என்று விற்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு 30 வருடம்கூட வாழும். அத்தனை வருடமும் நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

விஷப்பாம்பு என்றால் கணக்கே வேறு. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகச் செய்யப்பட்டது. இந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பது 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த நான்கு விஷங்களையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மாம்பா என்ற விஷப்பாம்பு கடித்தவருக்கு இந்த மருந்தை எத்தனை பாட்டில் ஏற்றினாலும் பயனில்லை. கடிபடுவது நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

விஷமே இல்லாவிட்டாலும், ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து ஆத்தங்குடிக் கல் தரையில் தவழ்கிற வீடு அல்லவா நம்முடையது?

வளர்க்க முடியாமல் போனால் வெளியே விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்படித்தான் ஆனது. செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. பாம்பு நிறைந்த பகுதிகளில் ராக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே பாம்பு பிடிக்க 2017இல் நம் இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த நிலைமை நம் ஊருணிக்கும் கண்மாய்க்கும் வர வேண்டாம். அலங்கார மீன் கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமையைக்கூட ஊருணியில் விடாதீர்கள். அது வட அமெரிக்க ஆமை. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகம், உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம்மூர் உயிர்களைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இகுவானா, மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களையும் பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும். பதிவு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். ஏற்கெனவே வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தால் வனத்துறையிடம் பேசுங்கள்.

ஆசை நிஜமானது என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போய் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். உங்கள் பின்கட்டிலும் பாருங்கள். பல நாள் பூட்டிய கட்டு என்றால் எலி இருக்கும், எலி இருந்தால் அநேகமாக ஒரு சாரையும் வந்துபோகும். அம்மா பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஐப்பசி மழைக்கு ஒன்று வரும். அம்மா கையைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். அது நிதானமாக வெளியே போகும். போகும் வரைக்கும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.