வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் ஸ்டெனோ வேலை

கேள்வி: சென்னையில் இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட் சீனியர் கிரேடு பாஸ் செய்தேன். இப்போது டெக்சாஸில் இருக்கிறேன்; கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. இங்குள்ள ஃபெடரல் கோர்ட்டில் கோர்ட் ரிப்போர்ட்டர் (விசாரணையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்பவர்) ஆக அந்தச் சான்றிதழ் உதவுமா? – ஹூஸ்டன் வாசகி

பதில்: சான்றிதழ் செல்லாது. பேச்சைக் கேட்டபடியே எழுதிப் பழகிய உங்கள் காது கட்டாயம் உதவும். சீனியர் கிரேடு நிமிடத்துக்கு 120 சொல். இங்கே அடிப்படைத் தகுதியான ஆர்.பி.ஆர். (ரெஜிஸ்டர்ட் புரொஃபஷனல் ரிப்போர்ட்டர்) தேர்வில் மூன்று பகுதி: உரைநடை 180, ஜூரிக்கு நீதிபதி சொல்லும் அறிவுரை 200, கேள்வி–பதில் சாட்சியம் 225. ஒவ்வொன்றும் 5 நிமிடம். 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் தனியாக உண்டு.

பேனாவை மறந்துவிட்டு ஸ்டெனோ மெஷினில் புதிதாகத் தொடங்குங்கள். அதன் 22 சாவிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஓர் அசையோ முழுச் சொல்லோ விழும். பிட்மன் முறைப் பேனா ஷார்ட்ஹேண்ட் பழகியவர்கள் ஒலியை வைத்து யோசிப்பதால் முதல் சில மாதம் எளிதாகவே போகும். 140-லிருந்து 180-க்குள் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். காரணம் விரல் அல்ல, தயக்கம். விட்டுப்போன சொல்லை நினைத்து நிற்கும் நேரத்தில் அடுத்த ஐந்து சொல் போய்விடும்.

தேர்வு முடிந்த கையோடு ஃபெடரல் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஃப்ரீலான்ஸாகவோ வேறு கோர்ட்டிலோ குறைந்தது 4 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். டெக்சாஸில் டெபொசிஷன் (விசாரணைக்கு முன் கோர்ட்டுக்கு வெளியே எடுக்கும் சாட்சியம்) எழுதவே மாநில லைசென்ஸ் வேண்டும், அதிலிருந்து தொடங்குங்கள். ஃபெடரல் வேலை அறிவிப்பில் குடியுரிமை பற்றி ஒரு பத்தி இருக்கும். கிரீன் கார்டுக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: சம்பளத்தோடு பக்கத்துக்குப் பக்கம் காசும் உண்டு என்கிறார்களே? – நியூ ஜெர்சி வாசகர்

பதில்: உண்மைதான். 1944-இல் வந்த கோர்ட் ரிப்போர்ட்டர் சட்டமே இரண்டுக்கும் இடம் தருகிறது. சம்பளத்தில் நான்கு படி: பணிக்காலம், மெரிட் தேர்வு (ஆர்.பி.ஆருக்கு அடுத்த உயர்நிலைத் தேர்வு), ரியல்டைம் தகுதி (பேசப் பேசத் திரையில் எழுத்தாக்கும் திறன்) ஆகியவற்றைப் பொறுத்து அடிப்படைக்கு மேல் 5, 10, 15 சதவீதம் கூடும். ட்ரான்ஸ்கிரிப்ட் (விசாரணையின் தட்டச்சுப் பிரதி) கட்டணம் தனி. 2024 அக்டோபர் 1 முதல், 30 நாளில் தருவதற்குப் பக்கத்துக்கு அதிகபட்சம் 4.40 டாலர், மறுநாள் காலைக்குள் என்றால் 7.30, இரண்டு மணி நேரத்தில் என்றால் 8.70. 200 பக்கம் மறுநாளே வேண்டுமென்றால் 1,460 டாலர்.

முழுத் தொகையும் கையில் தங்காது. மெஷின், மென்பொருள், காகிதம் எல்லாம் சொந்தச் செலவு. வரைவைத் திருத்தும் ஸ்கோபிஸ்டுக்கும் பிழை பார்ப்பவருக்கும் நீங்களே கொடுக்க வேண்டும். நீதிபதி கேட்கும் பிரதிக்கும், கோர்ட் கோப்புக்குப் போகும் பிரதிக்கும் கட்டணம் கிடையாது. பக்கத்துக்கு 25 வரி, அங்குலத்துக்கு 9 அல்லது 10 எழுத்து, இடது ஓரம் 1.75 அங்குலம், வலது ஓரம் 0.375 அங்குலம் என்று அளவும் கட்டுப்பாடாக உண்டு. ஓரத்தை அகலமாக விட்டுப் பக்கத்தைப் பெருக்கினால் அது கூடுதல் வசூல்தான்.

அப்பீல் வழக்கில் தாமதித்தால் இழப்பு உடனே தெரியும்: 30 நாள் தாண்டினால் கட்டணத்தில் 90 சதவீதம்தான், 60 நாள் தாண்டினால் 80. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான். பகல் முழுக்க கோர்ட். ட்ரான்ஸ்கிரிப்ட் தயாரிக்கும் வேலை இரவுக்கும் சனி ஞாயிறுக்கும் ஒதுங்குகிறது. இரண்டு வாரம் தொடர் விசாரணை வந்தால் பழைய ட்ரான்ஸ்கிரிப்ட் ஆர்டர்கள் குவிந்துவிடும். நம்பகமான ஸ்கோபிஸ்ட் ஒருவரை விசாரணை தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரியல்டைமில் திரையில் குப்பையாக வருகிறது. பயிற்சியில் நன்றாகத்தான் வருகிறது. எங்கே தவறு? – சிகாகோ வாசகர்

பதில்: பெரும்பாலும் அகராதியில்தான். மென்பொருள் உங்கள் விரலசைவை உங்கள் சொந்த அகராதியோடு ஒப்பிட்டுத்தான் சொல்லாக்குகிறது. அதில் இல்லாத பெயர், மருந்து, கம்பெனி எல்லாம் உடைந்து விழும். முந்தைய நாளே சாட்சிப் பட்டியல், சான்றாவணப் பட்டியல், குற்றப்பத்திரிகை மூன்றையும் வாங்கி அந்த வழக்குக்கென்று தனி அகராதி போடுங்கள். வழக்கறிஞர் வாயில் அடிக்கடி வரும் நீண்ட தொடருக்கு ஒரே அழுத்தலில் சுருக்கம் வையுங்கள்.

அடுத்த காரணம் இரண்டு அழுத்தல் ஒன்றாக ஒட்டிக்கொள்வது. வேகம் கூடும்போது முதல் சாவிகள் மேலே வருமுன் அடுத்தது இறங்குகிறது. மெஷினில் சாவியின் ஆழத்தையும் உணர்திறனையும் மாற்றிப் பாருங்கள். ஒரே ஒலியுள்ள சொற்களுக்கு வேறு வேறு அழுத்தல் வைக்காதவர்களுக்கு எந்த மெஷினும் உதவாது.

ஒலிப்பதிவு இருக்கிறதே என்று கையை விடாதீர்கள். இருவர் ஒன்றாகப் பேசினால் அதிலும் கூழ்தான். அங்கேயே நிறுத்தி, ஒருவர் பின் ஒருவர் பேசச் சொல்லுங்கள். நீதிபதி கோபிப்பாரோ என்று சும்மா இருந்தால் அந்த இடம் பதிவில் ஓட்டையாகவே கிடக்கும். இடைவேளையில் மைக்கை அணைக்கவும் மறக்கக் கூடாது. கட்சிக்காரரும் வழக்கறிஞரும் ரகசியமாகப் பேசுவது அதில் விழுந்துவிடும்.

கேள்வி: அம்மா தமிழில் சாட்சி சொல்லப் போகிறார். அது தமிழிலேயே பதிவாகுமா? – கலிபோர்னியா வாசகி

பதில்: ஆகாது. மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் மட்டுமே பதிவாகும். மேல்முறையீட்டு நீதிபதிகள் படிக்கப்போவதும் அதைத்தான். மொழிபெயர்ப்பு தவறு என்று பட்டால், உங்கள் வழக்கறிஞர் அந்த நிமிடமே ஆட்சேபிக்க வேண்டும். நம் ஊர்த் தலையாட்டலும் பதிவில் வராது. ‘ம்’, ‘ம்ஹூம்’ இரண்டும் குழப்பும். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். பெயர், இனிஷியல், ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை வழக்கறிஞர் மூலம் ரிப்போர்ட்டரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: உறவினர் வழக்கின் ட்ரான்ஸ்கிரிப்ட் குறைந்த செலவில் கிடைக்குமா? – பாஸ்டன் வாசகர்

பதில்: யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் கிடைக்கும். கோப்பில் சேர்ந்து 90 நாள் வரை கோர்ட் அலுவலகக் கணினியில் பார்க்கலாம்; பிரதி வேண்டுமென்றால் ரிப்போர்ட்டரிடம்தான் வாங்க வேண்டும். பிறகு பேசர் (PACER) என்ற ஃபெடரல் கோர்ட் ஆவணத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். மற்ற ஆவணங்களுக்கு உள்ள 3 டாலர் உச்சவரம்பு ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்குக் கிடையாது. 200 பக்கத்துக்கு 20 டாலர் ஆகும்.