முதல் நாளே நீலம் தெரிந்துவிட்டால்

கேள்வி: எனக்கு வயது 56. குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே செய்யும் மூன்று நாள் மலப் பரிசோதனை அட்டையை இணையத்தில் வாங்கினேன். முதல் நாள் மாதிரி நீலமானது. இரண்டாம் நாள் ஆகவில்லை. மூன்றாம் நாள் திருமணத்துக்காக ஓசூர் போனதால் எடுக்கவில்லை. முந்தைய நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தேன். வாயுத் தொல்லையும் நாக்கில் வெள்ளைப் படிவும் உண்டு. புது அட்டை வாங்கி முதலிலிருந்து செய்யலாமா? மனைவிக்கும் (52) ஒன்று வாங்கவா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். 'இல்லை' என்று சொல்லும் அட்டை கிடைக்கும்வரை வாங்கப் பார்க்கிறீர்கள்.

அட்டை நீலமானால் மலத்தில் ரத்தம் கலந்திருக்கலாம் என்று பொருள். குடலில் இருக்கும் கட்டியிலிருந்து தினமும் ரத்தம் கசியாது. இன்று கசியும், நாளை நிற்கும். கசிந்த ரத்தமும் மலம் முழுக்கப் பரவியிருக்காது. அதனால்தான் மூன்று நாள், நாளுக்கு இரண்டு இடம் என்று ஆறு கட்டங்கள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று நீலமானாலே போதும். இரண்டாம் நாள் அதை ரத்து செய்யாது. கறியால் நீலமாவதும் உண்டுதான். ஆனால் கறிமேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது.

செய்ய வேண்டியது கொலனாஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். நீலம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மூலநோயாகவோ, பாலிப் எனும் சிறு தசைவளர்ச்சியாகவோ இருக்கலாம். பாலிப்பைப் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். 'மூலம்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதி லேகியம் வாங்கிவிடாதீர்கள். அப்படி ஆறு மாதம் கழித்து வந்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

வாயுவுக்கும் நாக்குக்கும் இதில் வேலையில்லை. கண்ணாடி முன் நாக்கை நீட்டுவதை நிறுத்துங்கள்.

மனைவிக்கு 'ஃபிட்' எனப்படும் மலச் சோதனை போதும். அது மனித ரத்தத்தை மட்டுமே கண்டுகொள்ளும். ஒரே ஒரு மாதிரி, கறிக்கோ வைட்டமின் சி மாத்திரைக்கோ தடையில்லை. மூன்று நாள் மலத்தைக் கிளறச் சொன்னால் பாதிப் பேர் உங்களைப்போல் ஓசூருக்குப் போய்விடுகிறார்கள்! இங்கிலாந்து 2019இல் பழைய அட்டையை விட்டு இதற்கு மாறியபின் சோதனை செய்து அனுப்புவோர் கூடினார்கள். ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை செய்யட்டும். அவருக்கு மலத்தில் ரத்தம் கண்ணில் பட்டால் எந்தக் கிட்டும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் வரட்டும்.

நீங்கள் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கொலனாஸ்கோபிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் ராகிக் களியும் கீரையும் கூடாது. குடல் சுத்தமாகாவிட்டால் மறுபடி வரச் சொல்லுவார்கள்.