பொங்கலுக்குப் போங்கள், தரங்கம்பாடிக்கு

கேள்வி: நான் தரங்கம்பாடியில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகிக் கோத்தகிரிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. இருவரும் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. டி.வி.யில் கடல் வந்தால் “அம்மா ஊர்” என்கிறான் மகன். அரையாண்டு விடுமுறையில் அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். பொறையாற்றில் சித்தி மட்டும் இருக்கிறார். “வீடும் இல்லை, வாசலும் இல்லை, அங்கே போய் எதைக் காட்டப் போகிறாய்?” என்கிறார் கணவர். மலையிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வெக்கை ஒத்துக்கொள்ளுமா? மலைப்பாதையில் இறங்கும்போதே மகள் வாந்தி எடுப்பாள். எத்தனை நாள் தங்கலாம், என்னென்ன காட்டலாம்? சுனாமி வந்தபோது எனக்கு வயது 13. அன்று காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போன அம்மாயி திரும்பி வரவில்லை. பிறகு அப்பா எங்களைக் கோவைக்கு அழைத்து வந்துவிட்டார். அதற்குப் பின் நான் ஊருக்குப் போனதே இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரி, வெக்கைக்கும் வாந்திக்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். கடிதத்தின் முடிவில் அம்மாயியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு உடனே அப்பாவுக்குத் தாவிவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாராளமாகப் போங்கள். ஆனால் அரையாண்டு விடுமுறையில் வேண்டாம். கிறிஸ்துமஸை ஒட்டி வரும் அந்த விடுமுறைக்குள்தான் டிசம்பர் 26-ம் வருகிறது. அன்றைக்கு நாகைக் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடலில் பால் ஊற்றுவார்கள், பூத்தூவுவார்கள், நினைவுத் தூண்களின் முன் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்த நாளில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனால் அதற்கென்றே போக வேண்டும். நீங்கள் கையில் பூவோடு நிற்க, தண்ணீரில் இறங்க வேண்டும் என்று நான்கு வயதுப் பிள்ளை அடம் பிடித்தால் இரண்டும் கெட்டுப்போகும். தவிரவும், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் விடுமுறை முழுவதும் சித்தி வீட்டுத் திண்ணையிலேயே கழிந்துவிடும்.

கோடை விடுமுறையும் ஒத்துவராது. வெயிலை விடுங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். படகு புறப்படுவதும் வந்து சேருவதும், மீன் ஏலம் போடும் சத்தமும் இல்லாத ஊரையா பிள்ளைகளுக்கு முதன்முதலில் காட்டுவது?

என் கணக்கில் பொங்கல்தான் தோது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் மலைப் பிள்ளைகள் தாங்கும் அளவில் இருக்கும். உங்கள் பக்கம் உறைபனியில் கொழுந்து வரத்து குறைந்திருக்கும் என்பதால் கணவருக்கும் விடுப்பு கேட்க வாய் வரும். பொங்கலன்று மருமகள் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். பொங்கலை மாமியார் வீட்டிலேயே வைத்துவிட்டு மாட்டுப் பொங்கலன்று மலை இறங்குங்கள். பள்ளிக்கூடம் இரண்டு நாள் போனால் போகட்டும், இரண்டாம் வகுப்பில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

இனி முக்கியமான விஷயம். கடலைப் பார்த்தே அறியாத குழந்தை முதலில் கடலைப் பார்ப்பதில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இது பயப்பட வேண்டியதா, சிரிக்க வேண்டியதா என்று அங்கேதான் தெரிந்துகொள்ளும். இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தக் கரையைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், பிள்ளைகள் எழுவதற்கு முன், சித்தியை மட்டும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுங்கள். “எதைக் காட்டப் போகிறாய்” என்று கேட்டவருக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அழ வேண்டுமானால் அழுங்கள், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமானால் உட்காருங்கள். அழுகையே வரவில்லை என்றாலும் குற்றமில்லை. வீடு இருந்த இடத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கிளம்பும் முன்பே சித்தியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும் நேரத்தில் அது தெரிய வரக் கூடாது.

ஊர் மாறியிருக்கும். சுனாமிக்குப் பிறகு கட்டிய புதிய குடியிருப்புகள் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. நீங்கள் தெருவாக நினைவு வைத்திருப்பது இன்று தெருவாகவே இல்லாமல் போயிருக்கலாம். மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்த்தால் இதற்கு விளக்கமே வேண்டாம். பாண்டியர் காலத்துக் கோயில், அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. சுனாமிக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மகளுக்குச் சொல்ல வேண்டியதைக் கோத்தகிரியிலேயே சொல்லிவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு சொல்ல வேண்டாம். அம்மாவின் அம்மாயி, அதாவது அவளுடைய கொள்ளுப்பாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் போனார், பெரிய அலை வந்தது, அதில் இறந்துவிட்டார். இவ்வளவு போதும். சுற்றி வளைத்துச் சொன்னால் குழந்தைகள் தாமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள், அது நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். “மறுபடியும் வருமா?” என்று கட்டாயம் கேட்பாள். வராது என்று சத்தியம் செய்யாதீர்கள். 2004-ல் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தபோது நமக்கு விடிந்தும் விடியாத நேரம். அலை நம் கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் எச்சரிக்க நம்மிடம் ஏற்பாடு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இப்போது நம்மை எச்சரிக்க ஆள் இருக்கிறார்கள், கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் யாரும் சொல்லக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்கு இது புரியும். சின்னவனுக்கு இப்போது எதுவும் வேண்டாம், அவன் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவும் அல்லவா? அது உங்களுக்குச் சிறு வயதில் விளையாட்டாக இருந்திருக்கும். மலையில் பிறந்த பிள்ளைக்கோ நிற்கும் தரையே ஓடுவது போல இருக்கும். மகன் வீறிட்டு அழுது தோளில் ஏறிக்கொண்டால் இறக்கிவிடாதீர்கள். ஈர மணலில் தள்ளி உட்கார்ந்து நண்டு வளையைக் காட்டுங்கள், வளையைச் சுற்றி அது உருட்டிப் போட்டிருக்கும் மணல் உருண்டைகளைக் காட்டுங்கள். அவனே மெல்ல இறங்குவான். கருவாடு காயும் இடத்தில் மகள் மூக்கைப் பொத்தினால் மனம் சுருங்காதீர்கள். அது உங்கள் ஊரைப் பழிப்பது ஆகாது, அவள் மூக்குக்கு அது புதிது, அவ்வளவுதான்.

தண்ணீரில் விடும்போது விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈர விரல் வழுக்கும். பெரியவர் கடல் பக்கமும் குழந்தை கரைப் பக்கமும் நிற்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் பெரும்பாலும் இழுப்பு அங்கேதான் இருக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கற்களில் பாசி இருக்கும், ஏறவிடாதீர்கள். ஒருநாள் காரைக்கால் கடற்கரைக்கும் போய்வாருங்கள், பக்கம்தான்.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோட்டை இருக்கிறது, தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டியது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இதே ஊரில்தான். இதெல்லாம் மகள் ஏழாம் வகுப்புக்கு வரும்போது அவளுக்குப் பெருமையாக இருக்கும். இப்போது கோட்டையில் பீரங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐஸ் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சரித்திரம் சொல்லும் பெற்றோரைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

மூன்று நாள் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் மகளை முன் இருக்கையில் உட்கார வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், செல்போன் கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. அன்றிரவு கோவையில் தங்கினால் காலையில் மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி இருக்கிறது, பிற்பகலில் இறங்கிவிடலாம். ஓடும் நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேருவது காணும் பொங்கல் நாளாக இருக்கும் என்பதால் கரையில் ஊரே திரண்டிருக்கும், அன்று சித்தி வீட்டிலேயே இருங்கள்.

டிக்கெட் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், பொங்கல் நேரத்தில் திறந்த கையோடு தீர்ந்துவிடும். தேதியை இப்போதே முடிவு செய்து சித்திக்குப் போன் செய்யுங்கள். கொசுவலை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் டெல்டா கொசுவைப் பார்த்ததில்லை.